ஆத்துக்குக் குடும்பத்தோட போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

1.
ஒவ்வொரு லீவு சீசனிலும் ஒரே மாதிரி செய்தி வரும். "ஆற்றில் குளிக்கச் சென்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் பலி." கீழே கமெண்ட்டும் ஒரே மாதிரி இருக்கும். "எல்லாம் விதி." "குடிச்சிட்டு இறங்கியிருப்பானுங்க." "லீவுன்னா ஆத்துக்குத்தான் போகணுமா?"

இந்த மூணு கமெண்ட்டும் யாரையும் காப்பாத்தாதுன்னு சொல்றதுக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். ஆத்துக்குப் போகிற திட்டம் இருந்தால் பொறுமையா கடைசி வரை படிங்க.

2.
முதலில் ஒன்று. நான் "போகாதீங்க"ன்னு சொல்லப் போறதில்லை. ஆறு நமக்குச் சுற்றுலாத் தலம் மட்டும் இல்லை. ஆடிப்பெருக்கு என்பதே ஆற்றில் புதுத்தண்ணீர் வருவதைக் கொண்டாடும் பண்டிகை. ஓகேனக்கல் பரிசல், பவானி கூடுதுறை, தாமிரபரணி படித்துறை, திருச்சி அம்மா மண்டபம் என்று எல்லா ஊருக்கும் ஒரு தண்ணீர்த்துறை உண்டு. குழந்தைகளை அதிலிருந்து முழுசா விலக்கி வளர்ப்பது பாதுகாப்பு ஆகாது. தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைதான் 17 வயசில் நண்பர்களோடு, வீட்டுக்குச் சொல்லாமல், யாருமில்லாத இடத்தில் இறங்கும்.

3.
உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மணிக்கு 30 பேருக்கும் மேல். அதில் ஏறத்தாழ கால்வாசி 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்யும் மூழ்கல் மரணங்கள் ஆண்டுக்கு 30 ஆயிரத்தைத் தாண்டுகின்றன.

டெங்குவுக்குப் பயப்படுகிற அளவுக்கு நாம் இதுக்குப் பயப்படுவதில்லை. ஏன்னா இதை நாம் நோயாகவும் பார்ப்பதில்லை, விபத்தாகவும் பார்ப்பதில்லை. "போற நேரம் வந்திருச்சு"ன்னு முடிச்சிடுறோம்.

4.
விதி இல்லைன்னு எப்படிச் சொல்றேன்? ஒரே ஒரு ஆற்றை எடுத்துக்குவோம். பவானி.

கோவை மாவட்டம் காரமடையிலிருந்து மலைப்பக்கம் போனால் பரளிக்காடு. பில்லூர் அணையின் தேங்கிய தண்ணீர். வனத்துறை அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறது. பரிசல் ஓட்டுவதும் மதியச் சாப்பாடு போடுவதும் அங்கேயே வாழும் பழங்குடி மக்கள். முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் அனுமதி. லைஃப் ஜாக்கெட் மாட்டிய பிறகுதான் பரிசலில் ஏற்றுவார்கள். எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது என்று கூட வருபவர்கள் சொல்வார்கள். பூச்சமரத்தூரில் இரவு தங்க வனத்துறை விடுதியும் உண்டு.

5.
இப்போ அதே தண்ணீர் அணையைத் தாண்டி மேட்டுப்பாளையம் பக்கம் வருகிறது. அங்கே கரை முழுக்கத் திறந்து கிடக்கிறது. வெயில் காலத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நடுவில் பாறை. பாறையில் ஏறி உட்கார்ந்து குடும்பம் போட்டோ எடுக்கும். மேலே பில்லூரில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறை தீவாகிவிடும். இப்படி நடுவில் மாட்டியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்பதும், மீட்க முடியாமல் போவதும் அந்த ஊருக்குப் பழகிப் போன செய்தி.

ஆறு ஒன்றுதான். நீந்தத் தெரியாத மக்கள் இரண்டு இடத்துக்கும்தான் வருகிறார்கள். ஒரு இடத்தில் ஏற்பாடு இருக்கு, இன்னொரு இடத்தில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். ஏற்பாடு செய்தால் குறையும் மரணத்துக்குப் பேர் விதி இல்லீங்க.

6.
"வானம் பளிச்சுன்னு இருக்கு, எப்படி வெள்ளம் வரும்?" என்று கேட்பார்கள். நீங்க நிற்கும் இடத்தின் வானத்தைப் பார்த்து ஆற்றை முடிவு செய்யக் கூடாது. பவானிக்குத் தண்ணீர் நீலகிரியிலும் கேரளத்து அட்டப்பாடிப் பக்கமும் பெய்யும் மழையில் வருகிறது. பில்லூரின் முழு உயரம் 100 அடி. 97 அடியைத் தொட்டாலே உபரி நீரைத் திறப்பார்கள். ஓகேனக்கலில் வெயில் அடிக்கும்போதே கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்த தண்ணீர் வந்து சேரும்.

அதனால் கிளம்பும் அன்று காலையில் பார்க்க வேண்டியது வானிலையை மட்டும் இல்லை. "மேலே எந்த அணை? திறப்பு இருக்கா?" ஓகேனக்கலுக்கு என்றால் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்பது தினமும் செய்தியில் வரும். ஒரு கன அடி என்றால் விநாடிக்கு சுமார் 28 லிட்டர். நேற்றைவிட இன்று எண் பெரிசா ஏறியிருந்தால் திட்டத்தை மாற்றுங்கள். பரிசலுக்குத் தடை போட்டிருந்தால் பரிசல்காரரிடம் கெஞ்சாதீங்க.

7.
அடுத்தது நம்ம ஊரின் பெரிய நம்பிக்கை. "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்."

100 மீட்டர் நீச்சலில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் சான்லே வைத்த உலக சாதனை 46.40 விநாடி. கணக்குப் போட்டால் விநாடிக்கு சுமார் 2.15 மீட்டர். அதுவும் அசையாத தண்ணீரில், முக்கால் நிமிஷத்துக்கு மட்டும். வெள்ளம் வரும் ஆறு இந்த வேகத்தை எளிதில் தாண்டும். அப்போது அந்த உலக சாதனையாளரே எதிர்த்து நீந்தினாலும் பின்னாடிதான் போவார். நாம் கிணற்றில் கற்ற நீச்சல் எந்த மூலைக்கு?

இன்னொன்று. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஆட்கள் விழுவது இதனால்தான். அதோடு மணல் அள்ளிய குழி, பாசிப் பாறை, சுழல். மேலே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

8.
நீச்சல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் கற்றுக் கொடுங்கள், பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து. ஆனா ஆற்றில் நீச்சலோடு லைஃப் ஜாக்கெட்டும் வேணும்.

"லைஃப் ஜாக்கெட் போட்டா அசிங்கமா இருக்கு, போட்டோ நல்லா வராது" என்பவர்களுக்கு ஒரு சேதி. இது வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம்னு நினைக்காதீங்க. கொங்குப் பக்கம் பிள்ளைகளுக்குக் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித்தான் கிணற்றில் இறக்குவார்கள். நம்ம தாத்தா பாட்டிக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் நாம் மறந்துட்டோம்.

9.
லைஃப் ஜாக்கெட்டில் பார்க்க வேண்டியவை:

- குழந்தைக்குக் குழந்தை சைஸ்தான். எத்தனை கிலோவுக்கு என்று உள்ளே எழுதியிருக்கும்.
- எல்லா பக்கிளும் பூட்டியிருக்கணும். சின்னக் குழந்தைக்கு இரண்டு காலுக்கும் நடுவே வரும் பட்டையும் வேணும்.
- மாட்டிய பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி முகத்துக்கு வந்தால் அது லூஸ். வேறு கேளுங்கள்.
- உட்காருவதற்கு மெத்தையாகப் போடாதீங்க. பரிசல் கவிழ்ந்த பிறகு தண்ணீரில் அதை மாட்ட முடியாது.
- காற்றடித்த டியூப், கையில் மாட்டும் பலூன் எல்லாம் விளையாட்டுச் சாமான். லைஃப் ஜாக்கெட்டுக்குப் பதிலாகாது.

வாடகைக்குத் தருவது கிழிந்து நைந்து இருந்தால் பரிசலில் ஏறாதீங்க. அடிக்கடி ஆத்துக்குப் போகும் குடும்பம் என்றால் குழந்தைக்குச் சொந்தமாக ஒன்று வாங்கி வையுங்க.

10.
பரிசலில், படகில் ஏறினால் எண்ணிப் பாருங்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் இறங்கிடுங்க, கொடுத்த காசு போனால் போகட்டும். எழுந்து நிற்கக் கூடாது. செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். இறந்தவர்களில் பலர் குழந்தைகள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியது அங்கே முக்கியமான காரணம். "ஒரு ரவுண்டுதானே, பத்து நிமிஷம்தானே" என்று ஏறுகிற படகுகள்தான் இவை.

11.
இப்போ ஒரு முக்கியமான மருத்துவ விஷயம். மூழ்குபவர் கத்த மாட்டார். சினிமாவில் காட்டுவது போல் கையைத் தூக்கி "காப்பாத்துங்க" என்று அலற மாட்டார். கத்துவதற்கு முதலில் மூச்சு வேணும். அந்த மூச்சுதான் அவரிடம் இல்லை.

பிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் இதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். இப்படி 20 முதல் 60 விநாடி. குழந்தை என்றால் இன்னும் குறைவு. அப்புறம் உள்ளே போய்விடும்.

பக்கத்தில் நிற்பவருக்கு அது விளையாடுவது மாதிரிதான் தெரியும். குழந்தை திடீரென்று அமைதியானால் கூப்பிடுங்க. பதில் வரலைன்னா அடுத்த நொடி கையில் பிடிங்க.

12.
அதனால்தான் சொல்றேன், கரையில் "பார்க்கிற ஆள்" ஒருத்தர் வேணும். "எல்லாரும் பார்த்துக்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நம்ம வீடுகளில் நடப்பது என்ன? ஆண்கள் தண்ணீரில். அம்மா கரையில் புளிசாதம் பிரித்து எல்லோருக்கும் போட்டுக்கொண்டே நாலு பிள்ளைகளையும் பார்க்கணும். ஏதாவது ஆனால் "நீ என்ன பண்ணிட்டிருந்தே?" என்ற கேள்வியும் அவங்களுக்குத்தான். இது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

20 நிமிஷத்துக்கு ஒருத்தர் என்று முறை வையுங்க. அந்த 20 நிமிஷம் போன் கிடையாது, சாப்பாடு கிடையாது, அரட்டை கிடையாது. குடித்தவருக்கு அந்த முறையும் கிடையாது, தண்ணீரில் இறங்க அனுமதியும் கிடையாது. அவர் வீட்டுக்குப் பெரியவராக இருந்தாலும் சரி, மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி. வலிப்பு நோய் உள்ளவர் மாத்திரை சரியாகச் சாப்பிட்டாலும் ஆற்றில் இறங்க வேண்டாம். கரையில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும்.

13.
ஒருத்தர் மூழ்குகிறார். என்ன செய்யணும்? நம்மில் பெரும்பாலோர் உடனே குதிப்போம். "ஒரே குடும்பத்தில் மூன்று பேர்" என்ற செய்தி பல நேரம் அப்படித்தான் உருவாகிறது. முதல் ஆள் தவறி விழுந்தவர். இரண்டாவது காப்பாற்றப் போன அண்ணன். மூன்றாவது அப்பா. மூழ்குபவர் கையில் கிடைப்பதைப் பிடித்து அமுக்கி மேலே ஏறப் பார்ப்பார். அது அவர் தப்பில்லை, உடம்பின் இயல்பு.

குதிக்காமல் எறியுங்கள். கயிறு, வேட்டி, சேலை, நீளமான கம்பு. மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் தண்ணீர் கேன்கூட ஒருத்தரைக் கொஞ்ச நேரம் மிதக்க வைக்கும்.

14.
2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணைத் தண்ணீரில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையைக் கழற்றி வீசி இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரை மீட்க முடியவில்லை. தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

கூச்சத்தை விட உயிர் பெரிசுன்னு அந்த நொடியில் முடிவெடுத்தார்கள். மருத்துவ, மீட்புப் புத்தகங்கள் சொல்லும் சரியான வழியும் அதுதான். உங்க காரில் 15 மீட்டர் கயிறு ஒன்று எப்பவும் கிடக்கட்டும். ஒரு முனையில் காலி கேனைக் கட்டி வையுங்க. பெரிய செலவில்லை.

ஒருவேளை நீங்களே அடித்துச் செல்லப்பட்டால்: ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீங்க. கால் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் உங்களைக் கீழே அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களைத் தண்ணீர் போகும் பக்கம் நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் ஒதுங்குங்க.

15.
ஆளை வெளியே எடுத்தாச்சு. இங்கேதான் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற என் போன்றவர்களுக்கு மனசு ரொம்ப வலிக்கும். கொண்டு வரும்போதே சொல்வார்கள்: "வயித்தை அமுக்கி நிறைய தண்ணி எடுத்துட்டோம் சார்."

வயிற்றை அமுக்கக் கூடாதுங்க. தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றக் கூடாது. உப்புக் குவியலில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸப்பில் சுற்றுவது பச்சைப் பொய்.

மூழ்கியவரின் நுரையீரலுக்குள் போகும் தண்ணீர் நாம் நினைப்பதை விடக் குறைவு. பெரும்பாலும் கிலோவுக்கு 4 மில்லிக்குள்தான். 15 கிலோ குழந்தைக்கு 60 மில்லி, அரை டம்ளர்கூட இல்லை. அமுக்கினால் வருவது வயிற்றுத் தண்ணீரும் சாப்பிட்ட சோறும். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் இருக்கிற வாய்ப்பும் போச்சு. பிரச்சினை உள்ளே போன தண்ணீரின் அளவு இல்லை. மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்பதுதான்.

16.
செய்ய வேண்டியது இது:

- ஒருத்தர் 108க்கு அழைக்கட்டும், ஸ்பீக்கரில்.
- தட்டிக் கூப்பிடுங்க. அசைவு இல்லை, சரியான மூச்சும் இல்லை (விட்டு விட்டு வரும் ஏங்கல் மூச்சில் சேராது) என்றால் சமதரையில் மல்லாந்து படுக்க வையுங்க.
- நெற்றியை அழுத்தி, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை மூச்சு ஊதுங்க. ஒவ்வொன்றும் ஒரு விநாடி. நெஞ்சு மேலெழணும்.
- பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. திரும்பத் திரும்ப. வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. ஆழம் பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர், குழந்தைக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு.
- வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே நேரத்தை வீணாக்காதீங்க. வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பிச் சுத்தம் செய்து தொடருங்க.
- மூச்சு திரும்பும் வரை அல்லது 108 ஊழியர் வந்து கை மாற்றும் வரை நிறுத்தாதீங்க.

மாரடைப்புக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று நீங்க பயிற்சியில் கேட்டிருக்கலாம். மூழ்கியவருக்கு அது போதாது. அவருக்கு முதலில் நின்றது மூச்சு. அதனால் முதலில் கொடுக்க வேண்டியதும் மூச்சு. மூச்சு நின்ற சில நிமிஷங்களிலேயே மூளை செல்கள் சாகத் தொடங்கும். எங்களிடம் வந்து சேரும் வரை அந்த நிமிஷங்கள் காத்திருக்காது. ஆத்தங்கரையில் நிற்கும் நீங்கதான் முதல் டாக்டர்.

17.
"எழுந்து உட்கார்ந்துட்டான், நல்லா பேசுறான்" என்றாலும் தண்ணீர் குடித்து இருமியவரை வீட்டுக்குக் கூட்டிப் போகாதீங்க. நுரையீரல் வீக்கம் அடுத்த சில மணி நேரத்தில் கூடலாம். விடாத இருமல், மூச்சுத் திணறல், அதிகத் தூக்கம், நுரை இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை. சில மணி நேரம் கண்காணித்து, ஆக்சிஜன் அளவு பார்த்து அனுப்புவோம்.

18.
இரவு தங்குபவர்களுக்கு இரண்டே வார்த்தை. ஆற்று மணலில் டென்ட் போடாதீங்க, மணல் இருக்கும் இடம் ஆறு வந்து போகும் இடம். மேட்டில் போடுங்க. வனப்பகுதி என்றால் அனுமதி உள்ள விடுதியில் மட்டும்.

வெறும் தரையில் படுக்காதீங்க, டென்ட் ஜிப்பை முழுசா மூடுங்க. கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடிக்கும். வலி தெரியாது, தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலி, இமை கீழே இறங்குவது, பேச்சுக் குழறல் என்றால் உடனே அரசு மருத்துவமனை. பாம்புக்கடி எதிர் மருந்து அங்கே இலவசம்.

19.
கடைசியாக அரசுக்கும் உள்ளாட்சிக்கும். "ஆழமான பகுதி, குளிக்காதீர்" என்று போர்டு வைப்பதோடு கடமை முடியாது. போர்டு வைத்த இடத்திலேயே அடுத்த வாரமும் ஆள் இறங்குகிறார். குளிக்க நல்ல இடம் எது என்று யாரும் காட்டவில்லையே.

கூட்டம் கூடும் ஒவ்வொரு துறையிலும் கயிறும் மிதவை வளையமும் தொங்கட்டும். வாடகையில்லாமல் லைஃப் ஜாக்கெட் இரவல் கொடுங்க. தண்ணீர் திறக்கும் முன் சைரன் ஒலிப்பது கரையில் குளிப்பவர் காதுக்கு எட்டணும். பள்ளியில் நீச்சலும், மூச்சு கொடுக்கும் முதலுதவியும் பாடமாகட்டும். நீச்சல் பழக்குவது, கரையில் இருப்பவர்களுக்கு மீட்பும் முதலுதவியும் கற்றுத் தருவது, படகு விதிகளைக் கறாராக்குவது. இவையெல்லாம் உலக சுகாதார நிறுவனம் பல வருஷமாகச் சொல்லி வருபவைதான்.

இன்னொன்று. இன்றைக்கும் ஆள் மூழ்கினால் நாம் ஓடிப்போய் அழைப்பது பரிசல்காரரையும் மீனவரையும்தான். உடலைத் தேடிக் கொடுக்க அவர்களைக் கூப்பிடுகிறோம். அதே ஆட்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, உயிர் போவதற்கு முன்பே கரையில் நிறுத்தினால் என்ன? அந்த ஆற்றை அவர்களை விட யாருக்குத் தெரியும்?

20.
அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். கிளம்பும் முன் ஐந்து கேள்வி:

மேலே அணை திறந்திருக்கா?
குழந்தைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கா?
கயிறும் காலி கேனும் காரில் இருக்கா?
முதல் 20 நிமிஷம் கரையில் யார்?
மூச்சு ஊதத் தெரிந்தவர் நம்மில் யார்?

ஐந்துக்கும் பதில் இருந்தால் சந்தோஷமா போய் வாங்க. இல்லைன்னா கரையில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வாங்க, அதுவும் நல்ல சுற்றுலாதான்.

எந்தக் குடும்ப வாட்ஸப் குழுவில் இந்த வாரம் "ஆத்துக்குப் போலாமா?" என்று பேச்சு ஓடுதோ, அங்கே இதைப் போட்டு விடுங்க. எனக்கு லைக் வேண்டாம். அந்த ஐந்து கேள்விக்கு அங்கே யாராவது பதில் போடட்டும், அது போதும்.